மேல்வரிசை ஆணி

"நான் அப்படிச் சொல்லமாட்டேன்."

"சொல்லத்தான் போறே."

"லுட் தலையில கொண்டுபோய் அத—"

"செத்தவன் தலையில எத வச்சா என்ன, அவனுக்கு வலிக்கவா போகுது? உயிரோட இருக்கிறவன் தலைய—"

"வெர்னா, வாய மூடு."

"கல்யாணமான நாள்லேருந்து மூடித்தானே வச்சிருக்கேன்! இன்னிக்கு ஒருநாள் திறக்கிறேன், கேளு. லுட் மேல வந்தான். தகட உன் கையில குடுத்தான். நீ மாட்டினே. அப்புறம் எதையோ மறந்துட்டேன்னு திரும்பிக் கீழ போனான், நீ பாக்கல. அவ்வளவுதான். ஒரு நிமிஷப் பேச்சு."

"பொய்ப் பேச்சு."

"பெத்த பிள்ளையக் காப்பாத்தற பேச்சு!"

நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, வெந்த முட்டைக்கோஸை இலை இலையாக உரித்துக்கொண்டிருந்தேன். வெர்னா அரிசியும் இறைச்சியும் பிசைந்த கையோடு புருஷனிடம் மல்லுக்கு நின்றாள். அந்தக் கையால் மேஜையைத் தட்டினாள்; சோறு தெறித்து எமிலின் காபிக்குள் விழுந்தது. அவர் அதைக் குடித்தார்.

"தெல்மா, நீயே சொல்லு. நான் சொல்றது தப்பா?"

"என்னை இழுக்காதே. இலை கிழியுது."

"பாத்தியா, அவளே தப்புன்னு சொல்லல."

"சரின்னும் சொல்லலியே" என்றார் எமில்.

வெளியே பனி பெய்யாமல் பெய்கிற மாதிரி பயம்காட்டிக்கொண்டிருந்தது. நவம்பர் கடைசியில் எங்கள் பள்ளத்தாக்கில் வானம் அப்படித்தான், சாம்பல் கொட்டின தட்டு மாதிரி தலைக்கு மேலேயே கிடக்கும்.

எமில் ஹுடாக், எங்கள் ஹாலர்ஸ் ரன் ஊர் வேட்டைக்காரர் சங்கத்துச் சுடுதளத்தில் பாதுகாப்பு அதிகாரி. சம்பளம் கிடையாது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு கையில்லாச் சட்டை, கழுத்தில் ஒரு ஊதல், மதியத்துக்கு ஒரு கிண்ணம் பீன்ஸ் சூப். நிலக்கரிச் சுரங்கத்தை மூடியதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் அங்கேதான் நின்றார். சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. எல்லாம் மேஜைமேல் வாய் திறந்து கிடக்க வேண்டும். அப்போதுதான் சுடுகிறவர்கள் கீழே நடந்துபோய் இலக்கு அட்டைகளை மாற்றுவார்கள். எல்லாரும் மேலே வந்தாயிற்று என்று எமிலுக்குத் தெரிந்த பிறகுதான் பச்சை விளக்கு. அந்த விளக்கின் விசை அவர் கைக்கு மட்டுமே.

போன சனிக்கிழமை அவர் பச்சையைப் போட்டபோது அவருடைய பழைய சுரங்கத் தோழர் லுட் கோவல்சிக் கீழே இருந்தார். மான் வேட்டை திறப்பதற்கு முன்னால் ஊரெல்லாம் வந்து துப்பாக்கியின் குறியைச் சரிபார்த்துக்கொண்டு போகிற நாள் அது. யார் சுட்ட குண்டு என்பதுகூட அவ்வளவாகப் பேசப்படவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனுஷன் ஒருவன்; பச்சை எரிந்தது, சுட்டான். அவன் வீட்டுத் திரைச்சீலை அதற்கப்புறம் விலகவேயில்லை.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது இவ்வளவு. தெரியாத ஒன்று வெர்னாவின் சமையலறையில் இருந்தது.

சுரங்கத்தில் எமில் வாயு பார்க்கிற ஆளாக இருந்தவர். ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் தனியாக உள்ளே போய், விளக்கைத் தூக்கிப் பிடித்து, விஷக்காற்று இல்லையென்று பார்த்து, கரிச்சுவரில் தேதியும் தன் பெயரின் முதலெழுத்தும் சாக்கட்டியால் எழுதிவிட்டு வருவார். அந்த எழுத்து இல்லாத இடத்தில் ஒருத்தன் கால் வைக்கமாட்டான். என் புருஷனும் அந்த எழுத்தை நம்பித்தான் கடைசிவரை இறங்கினார். சுடுதளத்துக்கு வந்த பிறகும் எமில் அந்தப் பழக்கத்தை விடவில்லை. சனிக்கிழமை காலையில் முதல் ஆள் வருவதற்குள் மண்மேடுவரை நடந்துபோய், இலக்குக் கம்பத்தில் தேதியும் எழுத்தும் போட்டுவிட்டு வருவார். "இங்க என்ன வாயுவா இருக்கு?" என்று லுட் கேலி பண்ணுவார். "நீ இருக்கியே, பீன்ஸ் சூப் குடிச்சிட்டு" என்பார் எமில்.

சுரங்கத்தை மூடின அன்று, வாசலில் மாட்டியிருந்த தகட்டுப் பலகையையும் அவர்தான் கழற்றிக்கொண்டு வந்தார். உள்ளே இறங்குகிறவன் தன் எண் போட்ட பித்தளைத் தகட்டை ஆணியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்வான். மேலே வந்ததும் திரும்ப மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் அந்த ஆள் இன்னும் பூமிக்குள் என்று அர்த்தம். அதே பலகை சுடுதளத்தில் எமில் நிற்கிற கொட்டகைச் சுவருக்கு வந்தது. கீழே போகிறவன் தகட்டை எடுக்கணும், வந்ததும் மாட்டணும். பலகை நிறைந்தால் பச்சை. பழைய சுரங்கக்காரர்கள் எல்லாருக்கும் அவரவர் பழைய எண்தான்.

லுட்டின் எண் மேல்வரிசையில். லுட்டுக்கோ வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. சுரங்கக் கூரை சரிந்து தோள் நொறுங்கின நாளிலிருந்து அவருக்குத் தலைவாரி விடுவது அவர் பெண்டாட்டி இர்மாதான். கீழ்வரிசைக்கு எண்ணை மாற்றித் தருகிறேன் என்று எமில் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார்.

"எந்த எண்ணோட உயிரோட வெளிய வந்தேனோ, அந்த எண்ண மாத்தமாட்டேன்" என்பார் லுட். "நீ எதுக்கு இருக்கே? மாட்டுடா, வேலைக்காரா."

"கூலி?"

லுட் இடது கையால் பையைத் துழாவி ஒரு கருப்பு இருமல் மிட்டாயை எடுப்பார். தகடும் மிட்டாயும் சேர்ந்துதான் எமில் கைக்குப் போகும். ஒவ்வொரு தடவையும்.

"இந்தக் கசப்பத் தின்னா இருமல் போகுதோ இல்லியோ, மனுஷன் போயிடுவான்."

"நீ போயிட்டா என் தகட யாரு மாட்டறது? அதுக்குத்தான் உன்ன உயிரோட வச்சிருக்கேன்."

சங்கத்தில் சூப் ஊற்றுகிறவள் நான்; கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ சனிக்கிழமை கேட்ட பேச்சு இது. கேட்டுக்கேட்டு, சிரிப்பு வருவதுகூட நின்றுபோயிருந்தது.

பின்கதவு திறந்தது. டேரல் உள்ளே வந்தான். எமில்–வெர்னாவின் ஒரே மகன், நாற்பதைத் தொட்டவன். பூட்ஸைக் கழற்றாமல் மிதியடியிலேயே நின்றான்.

"ஏன்டா நிக்கிறே, உக்காரு" என்றாள் வெர்னா. "சாப்பிட்டியா?"

"பசிக்கல."

"அப்பாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா காதுல ஏறல."

டேரல் என்னைப் பார்த்தான்.

"தெல்மா நம்மவதான். சொல்லு."

அவன் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்துப் பேசினான். "அப்பா, நானும் லுட் மாமாவும் கடைசி மண்மேட்டுக்கு உடைஞ்ச சட்டத்த மாத்தப் போனோம். அவரு சொன்னாரு, மேட்டுக்குப் பின்னால கொட்டாயில வேற சட்டம் இருக்கு, நான் எடுத்துட்டு வர்றேன், நீ போ, போறப்ப என் தகடையும் கொண்டுபோயிடு, மேல அத்தனை பேரு காத்துக் கெடக்கிறாங்கன்னாரு. பின்னாலேயே வர்றேன்னாரு. நான் கொண்டுவந்து மாட்டினேன். நேரா மிச்சமிருந்த சூப்பு குடிக்கப் போயிட்டேன். அவ்வளவுதாம்ப்பா. அவரு சொன்னதத்தான் செஞ்சேன்."

"இத நேத்து ராத்திரி எங்கிட்ட சொல்லி அழுதான்" என்றாள் வெர்னா. "நீ தூங்கிட்டே. சாயங்காலம் சங்கக் கூட்டத்துல இத இவன் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? அடுத்தவன் தகட மாட்டினவன்னு கேஸ் போடுவாங்க. இவன விட்டுட்டுப் போன அந்த ஷெர்ரி இதுக்குத்தான் காத்திருக்கா. பிள்ளைங்க ரெண்டையும் ஒஹையோவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவா. நீதிபதி இவன் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை வருதுங்களே, அதுவும் போயிடும். அப்புறம் இவன் என்ன பண்ணுவான்? சொல்லு, இவன் என்ன பண்ணிக்குவான்?"

கடைசிக் கேள்வியை அவள் மெதுவாகக் கேட்டாள். அதனால் அது உரக்கக் கேட்டது.

எமில் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நான் தூங்கல."

"என்ன?"

"நேத்து நான் தூங்கல. கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். அதுக்கு முன்னாலயும் எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும்." மகனைப் பார்த்தார். "நீ ரெண்டு தகடு மாட்டறத நான் பாத்தேன்டா."

அடுப்பில் தக்காளிச் சாறு கொதித்துத் தட்டை முட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா?" என்றாள் வெர்னா. "பாத்துட்டா விளக்கப் போட்டே?"

"லுட் பின்னாலேயே வர்றான்னு நெனச்சேன்."

அது ஏன் என்று எனக்குத் தெரியும். சுரங்கத்து வீட்டில் பிறந்த யாருக்கும் தெரியும். ஷிப்டு முடிந்து மேலே வரும்போது நொண்டியும் கிழவனும் தங்கள் தகட்டை வேகமாக நடக்கிறவன் கையில் கொடுத்துவிடுவார்கள். அவன் எல்லாவற்றையும் மாட்டிவிட்டால் வாசல்காரன் வீட்டுக்குப் போகலாம். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. அது ஒரு மரியாதை. ஆள் பின்னாலேயே வந்துகொண்டிருப்பான். என் புருஷனின் தகடும் கடைசி வருஷங்களில் அப்படித்தான் மேலே வந்தது. ஆனால் சுரங்கத்தில் பலகை நிறைந்தவுடன் யாரும் சுடுவதில்லை.

"இருட்டிட்டு வந்துச்சு" என்றார் எமில். "வாசல்வரைக்கும் வண்டி நின்னுச்சு. ஒருத்தன் ஹாரன் அடிச்சான். பலகையப் பாத்தேன், நிறைஞ்சிருந்துச்சு. கைய நெத்தியில வச்சு அந்தக் கடைசி மேட்ட ஒருதரம் பாத்திருக்கலாம். பலகையத்தான் பாத்தேன். மூணுதரம் ஊதினேன். காத்து எதிர்ல. அவன் காதுல கவசம்."

"அப்ப நல்லதாப் போச்சு" என்றாள் வெர்னா.

"எது நல்லதாப் போச்சு?"

"தப்பு உன்னோடதுதானே? நீயே சொல்றே. அப்ப நீயே ஏத்துக்க. இவன எதுக்கு இழுக்கணும்?"

"ஏத்துக்கிறேன். நான் பாக்கல, விளக்கப் போட்டேன், அவன் செத்தான். இத சொல்றேன். லுட் திரும்பிப் போனான்னு மட்டும் சொல்லமாட்டேன்."

"தகடு ஆணியில, ஆளு கீழ. எப்படின்னு கேப்பாங்கல்ல? என்ன சொல்லுவே? தகடு ரெக்கை முளைச்சுப் பறந்து வந்துச்சுன்னு சொல்லுவியா?"

டேரல் மிதியடியிலேயே நின்றுகொண்டு, "அப்பா, நானே வேணா சொல்லிடறேன்" என்றான். சொல்லிவிடுகிற குரலாக அது இல்லை. வேண்டாம் என்று யாராவது சொல்வதற்காகக் காத்திருக்கிற குரல். வெர்னா உடனே சொன்னாள்: "நீ வாயத் திறந்தே, நான் இந்த வீட்ட விட்டுப் போயிடுவேன்." பிறகு மறுபடியும் இலைக்குள் இறைச்சியை வைத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். இறுக்கமாக, கச்சிதமாகச் சுருட்டினாள். லுட்டின் சாவுக்கும் அவள் இதே பலகாரத்தைத்தான் பெரிய கண்ணாடிப் பாத்திரம் நிறையச் செய்து கொடுத்திருந்தாள்.

சாயங்காலம் சங்கக் கட்டடத்தில் நாற்காலி போதவில்லை. நான் பின்னால் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். சுவரெல்லாம் மான் தலைகள். எல்லாத் தலையும் கூட்டத்துக்கு வந்த மாதிரி கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. இர்மா வரவில்லை. சங்கத் தலைவர் ரஸ், தொண்டையைச் செருமினார்.

"எமில், உன்னை இங்க யாரும் குத்தவாளிக் கூண்டுல ஏத்தல. நடந்தத நீ சொன்னா எங்களுக்கும் மனசு ஆறும். போலீஸு விபத்துன்னு சொல்லிடுச்சு. நாங்க கேக்கறது ஒண்ணுதான். தகடு எப்படி மேல வந்துச்சு?"

எமில் எழுந்தார். ஆரஞ்சுச் சட்டையை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"லுட் மேல வந்தான்" என்றார்.

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். வெர்னா முன்வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தாள்; டேரல் கதவோரம்.

"வந்து தகட எங்கிட்ட குடுத்தான். நான் மாட்டினேன். அப்புறம் திரும்பிப் போயிருக்கான். நான் பாக்கல. பாத்திருக்கணும். என் தப்பு."

அறையே மூச்சு விட்ட மாதிரி இருந்தது. எல்லாருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. "திரும்பிப் போனானா!" என்று ஒருவர் சொன்னார். "தகடில்லாமயா?" என்றார் இன்னொருவர். "லுட் எப்பவும் அப்படித்தானேப்பா, ரெண்டுதரம் சொன்னாத்தான் ஒருதரம் கேப்பான்." "அட்டை அடிக்கிற ஸ்டேப்ளர மறந்திருப்பான்." "பாவம், ஒரு ஸ்டேப்ளருக்காக." ஒருவர் மெல்லச் சிரிக்கக்கூடச் செய்தார், செத்தவர்மேல் இருந்த பிரியத்தில்தான். சிறிது நேரத்தில் அந்த ஸ்டேப்ளரைப் பார்த்த சாட்சியே கிடைத்துவிடும்போல இருந்தது.

எமில் சட்டையை மேஜைமேல் வைத்தார். "இனிமே நான் நிக்கமாட்டேன்."

ரஸ் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். இத்தனை வருஷம் கூலியில்லாமல் நின்றவரைச் சும்மா அனுப்பக்கூடாது என்று நினைத்தார்கள். எமில் அந்தக் கைதட்டல் நடுவே, மழையில் குடை இல்லாமல் நிற்கிற ஆள் மாதிரி நின்றார்.

மான் வேட்டை திறந்தது. விடிகிறபோதே மலைச்சரிவில் வெடிச்சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எமில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப எடுத்ததாக வெர்னா சொன்னாள். அவர் அந்த வருஷம் போகவில்லை. டேரல் போனான், முதல் நாளே ஓர் ஆண்மான் கிடைத்தது. ஹுடாக் வீட்டு முதல் மானில் பாதி, கோவல்சிக் வீட்டுக்குப் போவது வழக்கம். டேரல் ஒரு தொடையை வெள்ளைக் காகிதத்தில் சுற்றி இர்மா வீட்டுப் படியில் வைத்துவிட்டுப் போயிருந்தான். என் ஜன்னலிலிருந்து அது தெரிந்தது. என் வீடு இரண்டு வீட்டுக்கும் நடுவில்தான். மதியம்வரைக்கும் காகிதம் அப்படியே கிடந்தது. காக்கைகள் வந்தபிறகு நான் போய் எடுத்து உள்ளே கொடுத்தேன்.

"யாரு வச்சது?" என்றாள் இர்மா.

"டேரல்."

"ஏன் கதவத் தட்டல?"

"உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு நெனச்சிருப்பான்."

"பொறந்த நாள்லேருந்து அந்தப் பய தட்டாம உள்ளயே வருவான். ஒண்ணு தட்டாம உள்ள வரணும், இல்லேன்னா தட்டணும். படியில வச்சிட்டுப் போறது எந்த ஊரு வழக்கம்?"

அவள் இறைச்சியைக் குளிர்பெட்டியில் வைக்கவில்லை. கழுவுதொட்டியிலேயே வைத்தாள். காகிதத்தில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

"கடையில கேரன் என்னைப் பாத்தா" என்றாள். "கையப் பிடிச்சிக்கிட்டு, லுட் மட்டும் அந்த ஸ்டேப்ளருக்காகத் திரும்பிப் போகாம இருந்திருந்தா உயிரோட இருப்பாரேன்னு அழறா. நான்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். ஊரே சொல்லுதாமே? எமில் சொன்னதாமே? நீ அங்க இருந்தியா, தெல்மா?"

"இருந்தேன்."

"சொன்னானா?"

"சொன்னான்."

சாவுக்கு வந்த பாத்திரங்களையெல்லாம் கழுவித் துடைத்து மேஜைமேல் அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதின பட்டை ஒட்டியிருந்தது. வெர்னாவின் கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்தாள்.

"வா. பாதையில பனி கட்டியாயிருக்கு, கையப் பிடிச்சுக்க."

நாங்கள் போனபோது மூன்று பேரும் மேஜையில் இருந்தார்கள். மாலை ஆவதற்குள் மானைத் துண்டுபோட்டு முடிக்கிற வேலை. டேரல் எலும்பிலிருந்து சதையைச் செதுக்கினான், எமில் அரைக்கிற இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றினார், வெர்னா பொட்டலம் கட்டினாள். இர்மாவைப் பார்த்ததும் மூன்று வேலையும் ஒரே நேரத்தில் நின்றது.

"உக்காரு இர்மா" என்றாள் வெர்னா. "காபி போடறேன். இத எதுக்கு இப்ப தூக்கிட்டு வந்தே, நானே வந்து எடுத்திருப்பேனே. இந்தப் பனியில விழுந்து வச்சா—"

"நின்னுக்கறேன்."

"சாப்பிட்டியா? மெலிஞ்சிட்டே."

"வெர்னா, நீ கொஞ்சம் சும்மா இரு." கோபமாகச் சொல்லவில்லை. பாத்திரத்தைக் கழுவுதொட்டி ஓரத்தில் வைத்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"எமில், எனக்கு அவரு செத்ததுக்குக் கணக்குத் தீக்கணும்னு ஒண்ணும் இல்ல. நீ பாக்காம போட்டேன்னா, பாக்காம போட்டே. உன்னைவிட அத யாரு சுமக்கப் போறா. ஆனா அவரு தகடில்லாம கீழ போனாருன்னு ஊரு பேசுது. கூரை விழுந்து தோள் நொறுங்கி, நாலு பேரு ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வர்றப்பகூட, என் தகட மாட்டிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்கடான்னு கத்தின மனுஷன். நீதானே எங்கிட்ட சொன்னே? நீதானே அன்னிக்கு மாட்டினே?"

"ஆமா" என்றார் எமில்.

"அந்த மனுஷன் ஸ்டேப்ளருக்காகத் தகடில்லாம போனாருன்னு நான் நம்பணும். சரி. நம்பறேன். நீ சொன்னா நம்பறேன். உன் சாக்கட்டி எழுத்த நம்பித்தானே அவர தெனமும் அனுப்பி வச்சேன்."

டேரலின் கையில் கத்தி இருந்தது. அதை மெதுவாக மேஜைமேல் வைத்தான். வெர்னா அவன் மணிக்கட்டின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்; பொட்டலக் காகிதத்தை எடுக்கிற மாதிரி. இர்மா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

கோட்டுப் பையில் கைவிட்டு எதையோ எடுத்தாள். உள்ளங்கையைத் திறந்தாள். அழுக்கேறின காகிதத்தில் சுற்றின கருப்பு மிட்டாய்கள்.

"அவரு சட்டைப் பையில இருந்ததுன்னு போலீஸு திருப்பிக் குடுத்தாங்க. இதத்தான் நான் பாத்துட்டே இருந்தேன். தகடு குடுத்தா கூலி குடுக்காம இருக்கமாட்டாரு. ஒருதரம்கூட இருந்ததில்ல."

எமில் அந்த உள்ளங்கையைப் பார்த்தார். அவர் விரல்களில் மானின் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. அரைக்கிற இயந்திரத்தின் கைப்பிடியை அவர் இன்னும் விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், எமில். அந்தக் கடைசித் தரம், உனக்கு மிட்டாய் குடுத்தாரா?"